லிண்டன் மரத்தில் ஒரு ஜாகுவார் இ-டைப்

ஜாகுவார் இ-டைப்பைப் பிடிக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏன் பிடிக்கிறது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். 'நீளமான பானட்' என்பார்கள். நீளமான பானட் வைத்த கார்கள் எத்தனையோ உண்டு, பாதி பார்க்கச் சகிக்காது. 'வளைவுகள்' என்பார்கள். எந்த வளைவு, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டால் கையைக் காற்றில் ஆட்டிக் காட்டுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வடிவம் பிடிபட வேண்டுமென்றால் அதைச் செய்துதான் பார்க்க வேண்டும் என்பது தச்சுவேலை பழகியதால் வந்த புத்தி. அந்தக் காரை வாங்க வசதியில்லை, மரம் வாங்கலாம். அதனால் 1961-ல் வந்த முதல் வரிசை இ-டைப்பை, கூரை வைத்த கூப்பே வடிவத்தில், நிஜத்தில் பத்தில் ஒரு பங்காகச் செதுக்கினேன். உள்ளே சீட், ஸ்டியரிங் எதுவும் கிடையாது. கண்ணாடி இருக்க வேண்டிய இடமும் மரம்தான். வெளி வடிவம் மட்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். இந்தக் கார் பிறந்ததும் இதே ஊரில், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில்தான். இப்போது அங்கே தொழிற்சாலை இல்லை, வீடுகள் வந்துவிட்டன. ஆனால் கோடைக்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எங்கே பழைய கார்கள் கூடினாலும் ஒரு இ-டைப்பாவது வந்து நிற்கும். அளவெடுக்கவும் படமெடுக்கவும் அது பெரிய வசதி.

முதலில் மனதில் இருந்தது 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல். கதவு மேல்நோக்கித் திறக்குமே, அதுதான். அந்தக் கதவுகூட அழகுக்காக வைத்ததில்லை. உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக ஓடுவதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை, மேலே திறக்க வைத்தார்கள். பிரமாதமான கார். ஆனால் சக்கரத்துக்கு மேலே புருவம் மாதிரி ஒரு பட்டை, பக்கத்தில் காற்றுத் துளை என்று தனித்தனி அங்கங்கள் அதில் நிறைய. அவற்றைத் தனியாகச் செய்து ஒட்டிவிடலாம். இ-டைப்பில் ஒட்ட எதுவும் இல்லை. மூக்கில் தொடங்கும் பரப்பு வால் வரை ஒன்றாகவே போகிறது. செதுக்கிப் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் செதுக்க வேண்டும்.

சரி, அளவுகளுக்கு வருவோம். நிஜக் காரின் நீளம் 4.45 மீட்டர், அகலம் 1.66 மீட்டர், கூப்பேயின் உயரம் 1.22 மீட்டர். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 96 அங்குலம், அதாவது 2,438 மி.மீ. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே, மையத்திலிருந்து மையம் வரை, 50 அங்குலம், அதாவது 1,270 மி.மீ. எல்லாவற்றையும் பத்தால் வகுத்துப் பலகையில் எழுதி ஷெட்டில் மாட்டிவிட்டேன்: 445, 166, 122, 244, 127.

செதுக்கும் முன்னாலேயே இந்த ஐந்து எண்கள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டன. 445-ல் 244-ஐக் கழித்தால் 201. மொத்த நீளத்தில் 45 சதவீதம் சக்கர மையங்களுக்கு வெளியே, முன்னும் பின்னுமாகத் தொங்குகிறது! சக்கரத்தை நாலு மூலைக்குத் தள்ளு என்று படித்துவிட்டு வரும் இன்றைய டிசைனர் இந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்தால் ஒதுக்கிவிடுவார். அகலத்திலும் அதே கதைதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம். பக்கவாட்டுத் தோற்றம் வேண்டும் என்று காருக்கு அருகில் நின்று போனில் எடுத்தால் நடுப்பகுதி பெருத்து மூக்கும் வாலும் சுருங்கிவிடும். அதை வைத்து வரைந்தால் கதை முடிந்தது. குறைந்தது 20 மீட்டர் தள்ளி நின்று, நீண்ட லென்ஸால் இழுத்து எடுக்க வேண்டும். கேமராவும் காரின் பாதி உயரத்துக்கு, அதாவது முட்டிக்குச் சற்று மேலே, இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் அவ்வளவு தூரம் கிடைக்காது. திறந்த மைதானத்தில் கார்கள் கூடும்போது காலையிலேயே போய்விட்டால் கிடைக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் இதே முறையில். மேலிருந்து பார்க்கும் தோற்றத்துக்கு, அச்சில் கிடைக்கும் பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கி, தெரிந்த அளவுகளோடு பொருத்திச் சரிபார்த்துக்கொண்டேன்.

மரம் லிண்டன். வெளிர் நிறம், ரேகை அதிகம் தெரியாது, எந்தப் பக்கம் உளி வைத்தாலும் பிய்யாமல் சீவும். ஊரில் செய்பவர்களுக்குக் குமிழ் மரம் நன்றாக ஒத்துழைக்கும். தேக்கு வேண்டாம். ரேகை கண்ணை இழுத்து, வளைவைப் பார்க்க விடாது.

கட்டையை ஒட்டும் விதம் முக்கியம். பலகைகளைப் படுக்கையாக அடுக்கி ஒட்டலாம், ஆனால் நான் செங்குத்தாகப் பாதிப் பாதியாக ஒட்டினேன். இடது பாதி 85 மி.மீ., வலது பாதி 85 மி.மீ., நடுவில் வெனீர் எனும் மெல்லிய மரத்தாள் ஒன்று, கறுப்பில். எவ்வளவு செதுக்கினாலும் காரின் நட்டநடுக் கோடு கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பென்சில் கோடு முதல் சீவலிலேயே போய்விடும்.

பேண்ட் சா-வில் முதலில் பக்கவாட்டு உருவத்தை அறுத்தேன். அறுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி, கட்டையைத் திரும்பச் சதுரமாக்கி, மேல்தோற்றத்தை வரைந்து அறுத்தேன். டேப்பைப் பிரித்தால் உள்ளே சதுரம் சதுரமாக ஒரு கார் இருக்கும். இந்தக் கட்டத்தில் அது எந்தக் காராகவும் இருக்கலாம். இ-டைப் ஆவது மூலைகளை உருட்டும்போதுதான்.

மூலைகளை எவ்வளவு உருட்டுவது? இங்கேதான் மால்கம் சேயர் வருகிறார்.

இ-டைப்பின் உடலை வடித்த சேயர் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில் ஜாகுவாருக்கு வந்த ஏரோடைனமிக்ஸ் ஆள். லெ மான் பந்தயத்தை ஜெயித்த சி-டைப், டி-டைப் இரண்டும் அவர் கை. தன்னை ஸ்டைலிஸ்ட் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பார்கள். ஜாகுவாரின் முதலாளி வில்லியம் லயன்ஸ், கைதேர்ந்த தகடுவேலைக்காரர்களை வைத்து முழு அளவில் மாதிரி செய்யச் சொல்லி, சுற்றி வந்து பார்த்து, இங்கே கொஞ்சம் ஏற்று அங்கே கொஞ்சம் இறக்கு என்று திருத்துபவர். சேயரின் வழி வேறு. நீள்வட்டச் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, உடலின் ஒவ்வொரு வெட்டிலும் புள்ளி எங்கெங்கே விழும் என்று ஸ்லைடு ரூலையும் லாக் டேபிளையும் வைத்துக் கணக்குப் போட்டு எண்களாக எழுதிக் கொடுப்பார். கணினியில் கார் வரைவது வழக்கமாவதற்கு ரொம்ப காலம் முன்னால் இது.

அவருடைய எண்கள் என்னிடம் இல்லை. முறையை எடுத்துக்கொண்டேன். மூக்கு நுனியிலிருந்து 20 மி.மீ.க்கு ஒன்றாகக் கட்டையின் மேல் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று படங்களைப் பார்த்து அகலமும் உயரமும் குறித்துக்கொண்டேன். அப்புறம் அதற்கேற்ற நீள்வட்டத்தை அட்டையில் வரைந்து, பாதியாக வெட்டி டெம்ப்ளேட் ஆக்கினேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு: பாதி அகலம் 50, பாதி உயரம் 30. 50-ன் வர்க்கத்தில் 30-ன் வர்க்கத்தைக் கழித்தால் 1,600, அதன் வர்க்கமூலம் 40. மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 40 மி.மீ.யில் ஆளுக்கொரு குண்டூசி குத்தி, ஊசிகளுக்கு நடுவே 100 மி.மீ. நூலைக் கட்டி, பென்சிலால் நூலை இறுக்கிப் பிடித்துச் சுற்றினால் நீள்வட்டம் ரெடி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பார்த்தது, இவ்வளவு வருஷம் கழித்து வேலைக்கு வந்தது.

வேலை எப்படி நடக்கும் என்றால், கோட்டின் மேல் டெம்ப்ளேட்டை வைத்துப் பார்ப்பது, எங்கே முட்டுகிறதோ அங்கே பென்சில் தீற்றுவது, அந்த இடத்தை மட்டும் சீவுவது, மறுபடி வைப்பது. வெட்டுக் கோடுகளில் எல்லாம் டெம்ப்ளேட் சரியாக உட்கார்ந்த பிறகு, கோடுகளுக்கு இடையில் மிச்சம் நிற்கும் மேடுகளை நீளமான இழைப்புளியால் ஒரே இழுப்பில் எடுப்பது. மூக்கிலிருந்து கதவு வரை இதைச் செய்தபோதுதான் முதல் ஆச்சரியம். இடையில் நான் எதுவும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு நீள்வட்டம் கொஞ்சம் அகலமாகி, மையம் கொஞ்சம் ஏறி, அடுத்த நீள்வட்டம் ஆகிறது, அதிலிருந்து அடுத்தது. தட்டையான இடம் எங்கேயும் இல்லை, சட்டென்று திரும்பும் இடமும் இல்லை. இழைப்புளி தானாக வழி கண்டுபிடித்துப் போனது.

பக்கவாட்டுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. படத்தில் பார்த்தால் கதவு கிட்டத்தட்ட நேராக நிற்பதுபோல் இருக்கும். நேராக இல்லை. காரின் மிக அகலமான இடம் உடலின் நடு உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலேயும் உள்ளே சாய்கிறது, கீழேயும் உள்ளே மடங்குகிறது. கதவின் மேல் கையை வைத்துக் கீழே இறக்கினால் விரல்கள் வண்டிக்கு அடியில் போய்விடும். நிஜக் காரில் (உரிமையாளர் அனுமதியோடு) தொட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். வயிறு மாதிரி தொங்கியிருக்க வேண்டிய இவ்வளவு பெரிய உடல் ஒல்லியாகத் தெரிவதற்குக் காரணம் இந்த மடிப்பு. கீழ்ப்பாதி எப்போதும் நிழலில் இருக்கிறது, கண் மேல்பாதியை மட்டும்தான் காராக எண்ணிக்கொள்கிறது. கதவுக்கு அடியில் இருக்கும் ஸில் பகுதியைச் சீவுவதற்கு முன் கட்டை குண்டாக, சோம்பேறியாகத் தெரிந்தது. அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் ஒரு கைப்பிடிச் சீவலை எடுத்ததும் உயரம் குறைந்ததுபோல் ஆகிவிட்டது. உயரத்தை நான் தொடவே இல்லை.

பானட்டின் மேல்பக்கம் வேறு கதை. முன் சக்கரங்களுக்கு மேலே இரண்டு மேடு, நடுவில் நீளவாக்கில் ஒரு புடைப்பு, மேட்டுக்கும் புடைப்புக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு. பானட்டில் குழிந்த பரப்பு என்று இருப்பது அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் வெளியே உப்பியது, இழைப்புளியும் அரமும் போதும். இங்கே குழி உளி, அப்புறம் வட்டக் கம்பில் சுற்றிய உப்புத்தாள்.

நடுப் புடைப்பு வந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் எக்ஸ்கே இன்ஜின். ஆறு சிலிண்டர், தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட், உயரம் அதிகம். டி-டைப் பந்தயக் காரில் பானட்டைத் தாழ்த்துவதற்காக இதே இன்ஜினை எட்டரை டிகிரி சாய்த்து வைத்தார்கள். இ-டைப் சாலைக்கான கார், இன்ஜின் நேராகவே நிற்கிறது. அதன் தலைக்கு இடம் விட்டே ஆக வேண்டும். ஆக, இந்தப் புடைப்பு ஒரு சமாளிப்பு. சமாளிப்பு என்று தெரியாதபடி செய்திருப்பதில்தான் வித்தை. புடைப்பு சக்கர மேட்டோடு போட்டி போடுவதில்லை. மூக்குப் பக்கம் மெதுவாகக் கரைந்து, காற்று போகும் வாய்க்குச் சற்று மேலே இல்லாமலே போய்விடுகிறது. கட்டையில் அதைத் தனித்துண்டாகச் செய்து ஒட்டலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முதலிலேயே அந்த இடத்தில் மரம் விட்டு வைத்தேன். ஒட்டியிருந்தால் அந்தக் கரையும் முனை வராது. எங்கே முடிகிறது என்று விரலால் தேடினால் கிடைக்கக் கூடாது, அதுதான் அளவுகோல். புடைப்பின் இரண்டு பக்கமும் இன்ஜின் சூடு வெளியேற நிஜக் காரில் இருக்கும் லூவர் வெட்டுகளைக் கூர்க்கத்தியால் மெல்லிய கீறலாக மட்டும் காட்டினேன்.

கூரைக்கு வந்ததும் டெம்ப்ளேட் முறை கைவிட்டது. அட்டையில் எவ்வளவு நீள்வட்டம் வரைந்து வைத்தாலும் தொப்பி வைத்த மாதிரி இருந்தது. பின்னால் யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. சேயரின் கணக்கு திறந்த காருக்குப் போட்டது. கூப்பேயின் கூரை ஜாகுவாரின் சோதனைப் பட்டறையில், பாப் பிளேக் என்ற அமெரிக்கத் தகடுவேலைக்காரர் கையில் உருவானது என்று அந்தக் காலத்து ஜாகுவார் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். திறந்த காரின் உடம்பின் மேல் மெல்லிய கம்பிகளை வளைத்துப் பொருத்தி, கூரை இப்படி இருந்தால் எப்படி என்று அவர் காட்ட, லயன்ஸ் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லிவிட்டார். அதாவது இந்தக் காரின் உடம்பு எண்ணில் பிறந்தது, கூரை கண்ணில் பிறந்தது.

நானும் கம்பிக்கே போனேன். கூரைப் பகுதியின் மரத்தைத் தோராயமாக எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் முன்கண்ணாடியின் அடியில் ஒரு சிறு துளை, வாலில் ஒரு துளை. 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டிலும் செருகி, விரலால் வளைத்து, ஷெட்டின் கதவுக்கு வெளியே போய் நின்று பார்ப்பது. கம்பியின் உச்சி எங்கே வர வேண்டும் என்பதுதான் கேள்வி முழுக்க. உச்சியை நடுவில் வைத்தால் பக்கத்துத் தெருவில் நிற்கும் சாதாரணக் கார். நன்றாக முன்னால், முன்கண்ணாடி முடிந்த கையோடு வைத்தால்தான் மிச்ச தூரம் முழுவதும் ஒரே இறக்கமாக வால் வரை போக முடியும். அந்த இறக்கமும் நேர்கோடு இல்லை. முதலில் சோம்பலாக இறங்கி, பின்கண்ணாடி வந்ததும் கொஞ்சம் வேகம் எடுத்து, பம்பருக்கு மேலே உள்பக்கம் மடங்குகிறது. அந்த வேகம் எடுக்கும் இடம் 5 மி.மீ. முன்னே பின்னே ஆனால் கார் வேறு.

நடுக்கம்பி சரியானதும் பக்கத்துக்கு ஒரு கம்பி, ஜன்னலின் மேல் விளிம்பு. மேலிருந்து பார்த்தால் இந்த இரண்டு கம்பிகளும் பின்னால் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. கூரை கீழேயும் இறங்குகிறது, ஒடுங்கவும் செய்கிறது. ஒடுங்கும் கூரைக்கும் அகலமாகவே இருக்கும் பின்சக்கர மேட்டுக்கும் நடுவே மறுபடி ஒரு பள்ளத்தாக்கு. ஜன்னலுக்குப் பின்னால் ஆழமாகத் தொடங்கி, வாலுக்குப் போகும் முன் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் பள்ளம். மூன்று கம்பியையும் கழற்றி, அட்டையில் அச்செடுத்து, அதன்படி மரத்தைச் சீவினேன். பள்ளத்தை மட்டும் அச்சு இல்லாமல், கட்டை விரலால் தடவித் தடவித்தான் எடுத்தேன். மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்த இரண்டு சாண்கூட இல்லாத பரப்பைத்தான் சொல்வேன். காரைப் பின்பக்கம் முக்கால்வாட்டில் பார்ப்பவர்கள் ஏன் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

முன்கண்ணாடி பற்றி ஒரு வரி. அகலம் அதிகம், உயரம் ரொம்பக் குறைவு, அதனால் நிஜக் காரில் இரண்டு வைப்பர் துடைத்தால் போதவில்லை. மூன்று வைத்தார்கள். மாடலில் நான் வைக்கவில்லை.

அடுத்தது பூச்சு. அழகுக்காகப் பூசுவது கடைசியில்தான், இங்கே சொல்வது கண்டுபிடிக்கப் பூசுவது. வெறும் மரத்தில் வளைவு சரியா தவறா என்று தெரியாது. மரத்தின் நிறம் எல்லாத் தப்பையும் மறைத்துவிடும். முதலில் ஸாண்டிங் சீலர், அப்புறம் சாம்பல் பிரைமர், அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவி விடுவது. காய்ந்ததும் வளையக்கூடிய ரப்பர் துண்டில் 400 உப்புத்தாளைச் சுற்றி நீளவாக்கில் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கார் பெயின்ட் பட்டறையில் தினமும் செய்வதுதான். கறுப்பு நின்ற இடத்தில் மெல்லிய புட்டி. விரலால் தேய்க்காதீர்கள், விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும்.

நடு வெனீரின் ஒட்டுக்கோடு பெயின்ட்டுக்கு மேலே லேசாக எட்டிப் பார்க்கும். லிண்டன் ஈரம் இழுத்து ஒரு மாதிரி வேலை செய்யும், வெனீர் வேறு மாதிரி. இதற்கு ஒரே மருந்து பிரைமர் அடித்த கட்டையை ஷெட்டிலிருந்து எடுத்து வீட்டுக்குள் சில வாரம் சும்மா வைப்பது. மரம் ஆடி முடித்த பிறகு தேய்த்தால் மறுபடி வராது.

அப்புறம் பளபள கறுப்பு ஒரு கோட். ஷெட்டில் நீளமான எல்இடி டியூப் லைட் ஒன்று இருக்கிறது. மாடலை அதற்குக் கீழே வைத்து மெதுவாகத் திருப்பினால் டியூபின் பிம்பம் உடம்பில் ஒரு வெள்ளைக் கோடாக ஓடும். பரப்பில் எங்காவது ஒரு நெளிவு இருந்தால் கோடு அங்கே துள்ளும். கார் கம்பெனிகளில் இன்றும் இதே சோதனைதான், பெரிய அறையில் வரிசையாக விளக்கு வைத்துச் செய்கிறார்கள். என் கட்டையில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கிளம்பிய கோடு முன்சக்கர மேட்டின் தோளில் ஏறி, கதவில் நன்றாக மெலிந்து, பின்சக்கர மேட்டில் மறுபடி தடித்து, பின்விளக்கு வரை போக வேண்டும். கதவில் அது மெலிய வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டாகப் பிரிந்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டை. தேய்த்துச் சரியாக்கியதும் கோடு ஒன்று சேர்ந்துவிட்டது. இப்போது படங்களில் இ-டைப்பைப் பார்த்தால் காரைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

இவ்வளவு வழவழப்பாக இருப்பதால் காற்றை வெண்ணெய்போல் வெட்டும் என்று நினைக்கத் தோன்றும். பின்னாளில் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுக் குகையில் அளந்தபோது இழுவை எண் (குறைந்தால் நல்லது) 0.44 பக்கம் வந்தது. இன்று சாதாரணக் குடும்பக் கார்களே 0.30-க்குக் கீழே இருக்கின்றன. அந்தக் காலத்தில் சக்கர வளைவுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் காற்று என்ன கூத்தடிக்கிறது என்பதை இன்றைய அளவுக்கு யாரும் துல்லியமாகப் பார்க்கவில்லை. காற்றுக்காகப் போட்ட கணக்கு கடைசியில் கண்ணுக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பேன். சேயர் இருந்தால் சண்டைக்கு வருவார்.

மாடல் கறுப்பாக இருந்தபோதே ஒரு விளையாட்டு விளையாடினேன். 1968-ல் வந்த இரண்டாம் வரிசையில், அமெரிக்க விதிகளுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் ஜாகுவார் சில மாற்றங்கள் செய்தது. காற்று போகும் வாயைப் பெரிதாக்கினார்கள். ஹெட்லைட்டின் மேலிருந்த கண்ணாடி மூடி அதற்குச் சற்று முன்னாலேயே போய்விட்டது. பின்விளக்குகள் பெரிதாகிப் பம்பருக்குக் கீழே இறங்கின. பெரிய வாயைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டி மூக்கில் ஒட்டி, ஹெட்லைட் குழியை பிளாஸ்டிசின் களிமண்ணால் திறந்த மாதிரி மாற்றிப் பார்த்தேன். உடம்பில் ஒரு மி.மீ.கூட மாறவில்லை, ஆனால் கார் விழித்துக்கொண்டு நிற்கிறது. முதல் வரிசையில் ஹெட்லைட் குழிக்குள் போய், மேலே மூடி வந்து, உடம்பின் பரப்பு அறுபடாமல் அப்படியே தொடரும். மூடியை எடுத்ததும் அந்த ஓட்டத்தில் இரண்டு ஓட்டை. 1971-ல் வந்த மூன்றாம் வரிசைக்கு வி12 இன்ஜின், 105 அங்குலச் சக்கர இடைவெளி, வாயில் கிரில், சக்கர வளைவுகளில் உதடு. ஓட்ட நல்ல கார் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள், அதை மறுக்க நான் யார். செதுக்கச் சொன்னால் மாட்டேன்.

நிறத்துக்குக் குழப்பமில்லை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இந்தக் காரை உலகுக்குக் காட்டியபோது வந்த கூப்பே, 9600 எச்பி என்ற பதிவெண் கொண்டது, அடர்ந்த உலோகச் சாம்பல் நிறம். கவென்ட்ரியிலிருந்து அங்கே வரை ஓட்டியே கொண்டுபோனார்கள். பார்க்க வந்தவர்கள் அலைமோதியதால் ஒரு கார் பத்தாமல், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் திறந்த கார் ஒன்றை, பச்சை நிறம், ராத்திரியோடு ராத்திரியாகக் கவென்ட்ரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். நான் சாம்பலையே எடுத்தேன். உலோகத் துகள் கலந்த அடர் நிறத்தில் மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும் தெரியும், வளைவு தன்னாலே பேசும். சிவப்பு அடித்தால் நிறம்தான் தெரியும்.

சக்கரங்கள் மட்டும் பாக்கி. நிஜக் காருக்கு 15 அங்குல ஸ்போக் சக்கரம், 6.40 டயர். பத்தில் ஒரு பங்கில் வெளிவிட்டம் சுமார் 67 மி.மீ. வருகிறது. ஸ்போக் கட்டும் பொறுமை எனக்கில்லை. பித்தளை வட்டைக் கடைந்து, நடுவில் இரண்டு காது வைத்த நட்டு மட்டும் செய்து, கறுப்பு ரப்பர் வளையம் மாட்டினேன்.

மாட்டும்போது ஆரம்பத்தில் விட்ட அந்த அகல எண் வந்து நின்றது. உடம்பு 166, சக்கர மையங்கள் 127, டயர் அகலம் 17. கணக்குப்படி டயரின் வெளிமுகம் உடம்பின் மிக அகலமான இடத்திலிருந்து ஒரு செ.மீ.க்கு மேல் உள்ளே இருக்கிறது, நிஜக் காரில் பத்து செ.மீ.க்கு மேல். பார்த்தவர்கள் எல்லாரும், என் மனைவி உட்பட, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளச் சொன்னார்கள். ஆணியில் வாஷர் போட்டு 3 மி.மீ. தள்ளியும் பார்த்தோம். உடனே வண்டி காலை அகட்டி நின்று தெம்பாகத்தான் தெரிந்தது. ஆனால் கதவுக்குக் கீழே மடங்கிப் போகும் அந்தப் பரப்பு காணாமல் போய்விட்டது. டயர் அதை மறித்துக்கொண்டு கண்ணைத் தரைக்கு இழுக்கிறது. சக்கரம் உள்ளே இருந்தால்தான் உடம்பு தரையைத் தொடாமல் தனியாக மிதக்கிறது. வாஷரைக் கழற்றி 127-க்கே கொண்டுவந்துவிட்டேன். ஹெட்லைட் மூடிகளை இனிமேல்தான் செய்ய வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, மூக்கின் மேலேயே அழுத்தி எடுத்தால் வளைவு பிசகாது. பெயின்ட் இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.